மாசி வீதிச் சந்தில் ஒரு கட்டடம்: கட்டுமானப் பொருள் இறக்கும் முறை மாறிய விதம்

பின்னணி

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்த வீதிகளுக்கு நடுவே ஏராளமான சந்துகள் ஓடுகின்றன. ஆள் நடக்கவும் மாட்டுவண்டி போகவும் அமைந்த சந்துகள் அவை. இன்று அவற்றில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, கீழே கடையும் மேலே குடியிருப்புமாகப் புதிய கட்டடங்கள் எழும்பி வருகின்றன. கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கட்டடத்தின் உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால், மேலே உயர முடியாத உரிமையாளர்கள் மனையின் நான்கு எல்லையையும் தொட்டுக் கட்டுகிறார்கள். கோபுரங்களின் தோற்றத்தைக் காக்கும் அந்தக் கட்டுப்பாடு தேவையானதுதான். ஆனால் எல்லைவரை அஸ்திவாரம் தோண்டிய மனையில் ஒரு வண்டி மணலைக் கொட்டி வைக்கக்கூட இடம் இருப்பதில்லை. அந்த மணல் தெருவுக்குத்தான் வருகிறது.

இங்கே பதிவு செய்யும் நிகழ்வு, தெற்கு மாசி வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் நடந்தது. மனை மூன்று சென்ட். உரிமையாளர் அதே வட்டாரத்தில் நெடுங்காலமாக வணிகம் செய்து வருபவர். ஒப்பந்தக்காரர் நகரின் புறப்பகுதிகளில் பல வீடுகளைக் கட்டி முடித்தவர் என்றாலும் வெளி வீதிகளுக்கு உட்பட்ட பழைய நகரில் அவருக்கு இதுவே முதல் வேலை. கட்டமைப்பு வரைபடம் தயாரித்த பொறியாளராக நான் இதில் ஈடுபட்டிருந்தேன். வேலையின்போது நேர்ந்த ஒரு விபத்துக்குப் பிறகு, பொருள்கள் வந்து இறங்கும் முறையைச் சீரமைக்கும் பொறுப்பும் என்னிடம் தரப்பட்டது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் அடையாளங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு மாதங்களில் கண்ட நிலை

ஆவணி மாதத்தில் பழைய வீடு இடிக்கப்பட்டது. சுண்ணாம்புக் காரை, செங்கல், உத்திரக் கட்டைகள் எல்லாம் கலந்த இடிபாடு பல நாள் சந்தின் ஓரத்திலேயே கிடந்தது. கட்டட இடிபாட்டைப் போக்குவரத்துக்கோ வடிகாலுக்கோ இடையூறாகப் போடக் கூடாது, வகை பிரித்து வைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் கட்டட இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் அப்போது சொல்லின. விதியை அங்கே அறியாதவர் இல்லை. அகற்றுவதற்கு வண்டி கிடைக்கும்வரை வைக்க வேறு இடம் இல்லை என்பதே எல்லோரும் சொன்ன காரணம்.

அஸ்திவார வேலை தொடங்கியதும், கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டும் ஜல்லியும் வரத் தொடங்கின. பகலில் கனரக வண்டிகளுக்கு நகருக்குள் தடை இருப்பதால் லோடு விடிவதற்கு முன்பே வந்தது. டிப்பர் மாசி வீதியிலிருந்து முன்புறமாகவே சந்துக்குள் நுழைந்து, தொட்டியைத் தூக்கிக் கொட்டிவிட்டு, வந்த வழியே பின்னோக்கி வெளியேறியது. சித்தாட்கள் வேலைக்கு வந்து மணலை உள்ளே அள்ளத் தொடங்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். விடியற்காலை முதல் ஒன்பது மணிவரை, அதாவது பால்காரரும் பூக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் சந்தைப் பயன்படுத்தும் அதே நேரத்தில், மணல் சந்தின் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. பகல் நெரிசலைக் குறைக்க வந்த தடை இந்தச் சந்தில் காலை நேர நெரிசலாக மாறியிருந்தது. தடையின் மீது குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அது இல்லாவிட்டால் மாசி வீதியின் நிலை இன்னும் மோசமாகியிருக்கும். தடைக்கு ஏற்றபடி யாரும் திட்டமிடவில்லை என்பதே குறை.

தூசு அடுத்த தொல்லை. எம்-சாண்டில் மாவு போன்ற நுண்துகள் ஆற்று மணலைவிட அதிகம். 150 மைக்ரான் சல்லடை வழியே இறங்கும் துகள் 20 சதவீதம்வரை இருக்கலாம் என்று 2016-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலையே அனுமதிக்கிறது. காங்கிரீட்டுக்கு அதனால் பெரிய தீங்கில்லை. மூடாமல் குவித்த மணலின் மேல் காற்று வீசும்போது முதலில் பறப்பது அந்த நுண்துகள்தான். எதிரே பலகாரக் கடை வைத்திருந்தவர் காலையில் கதவைப் பாதி இறக்கி வைத்தே வியாபாரம் செய்தார். இரண்டு வீடு தள்ளி ஆஸ்துமா நோயாளியான முதியவர் ஒருவர் இருந்தார். அவர்கள் வீட்டு மாடி ஜன்னல்கள் அந்த இரண்டு மாதமும் திறக்கப்படவே இல்லை.

புரட்டாசியில் ஒரு மாலை இடியுடன் கொட்டிய மழை, குவியலின் அடிப்பகுதியை அரித்துக்கொண்டு போய் வடிகாலில் படியவைத்தது. மறுநாள் சந்தின் தாழ்வான முனையில் இருந்த வீட்டின் நடை வரைக்கும் சாக்கடைத் தண்ணீர் ஏறியது.

விபத்து

புரட்டாசியின் நடுவில், காலை எட்டு மணியைக் கடந்த நேரத்தில், ஒரு பெண் தன் மகளைப் பள்ளியில் விடுவதற்காக ஸ்கூட்டரில் வந்தார். அன்று விடியலில் வந்த லோடு அளவுக்கு மேல் குவித்து ஏற்றப்பட்டிருந்ததால், டிப்பர் திரும்பும்போது சந்து முனையில் மணல் சிந்தி, பேவர் கற்களின் மேல் மெல்லிய படலமாகப் பரவியிருந்தது. குவியலை ஒட்டி வளைந்து வந்த ஸ்கூட்டரின் முன்சக்கரம் அந்தப் படலத்தில் வழுக்கியது. வண்டி மாசி வீதியின் பக்கமாகச் சரிந்தது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ, விழுந்த குழந்தைக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. தாய்க்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. குழந்தைக்கு முழங்காலில் சிராய்ப்பு. கடைக்காரர்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சிகிச்சைச் செலவை ஒப்பந்தக்காரரும் உரிமையாளரும் பகிர்ந்து ஏற்றார்கள்.

அதே வாரத்தில் பின்னோக்கி வெளியேறிய டிப்பர் ஒரு வீட்டு வாசல்படியை உடைத்தது. தெருவாசிகள் மாநகராட்சியில் புகார் கொடுத்தார்கள், நோட்டீஸ் வந்தது, வேலை நிறுத்தப்பட்டது. இந்த நிலையில்தான் உரிமையாளர் என்னிடம் பேசினார். “சார், அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நான் இந்தத் தெருவுல எப்படி நடமாடுறது?” என்று அவர் கேட்டது நோட்டீஸைப் பற்றிய கவலையைவிட ஆழமானது. பிறகு செலவு கூடியபோதெல்லாம் அவர் பின்வாங்காமல் நின்றதற்கும் அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

காரணத்தைத் தேடியபோது

ஓட்டுநரின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஒப்பந்தக்காரர் முதலில் அப்படித்தான் சொன்னார். எனவே முதல் வேலையாக அந்த ஓட்டுநரையே அழைத்து வந்து, சந்தின் அகலத்தை டேப் பிடித்து அளந்தோம். சுவருக்குச் சுவர் 14 அடி. இருபுறமும் வாசல்படிகளையும் வடிகால் ஓரத்தையும் கழித்தால், வண்டிக்குக் கிடைப்பது 11 அடி. டிப்பரின் அகலம் 8 அடி. ஆக ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடிதான் மிச்சம். எதிரே வரும் ஆள் ஒதுங்கி நிற்க அது போதாது. தலைக்கு மேலே கேபிள் வயர்களும் வீட்டு மின் இணைப்புக் கம்பிகளும் தாழ்வாகத் தொங்கின. தொட்டியை முழுமையாகத் தூக்கினால் அவற்றில் படும். அதுவரை படாமல் இருந்தது ஓட்டுநரின் திறமையால்தான். முறையான ஏற்பாடு எதுவும் அங்கே இல்லை.

அடுத்து, நகருக்கு வெளியே ஒரு காலி இடத்தில் டிப்பரை நிறுத்தி, அதன் இடது முன்சக்கரத்தை ஒட்டியும் பின்புறம் நெருக்கமாகவும் நான்கு எவர்சில்வர் குடங்களை வைத்தோம். ஒப்பந்தக்காரர், மேஸ்திரி, உரிமையாளரின் மகன் என ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, எத்தனை குடம் தெரிகிறது என்று பார்த்தார்கள். கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் ஒரு குடம்கூட யாருக்கும் தெரியவில்லை. ஐந்து வயதுக் குழந்தை அந்த இடத்தில் நின்றாலும் தெரியாது என்பதை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அன்றைக்குப் பிறகு ஓட்டுநர் மீது பழி போடும் பேச்சு நின்றது.

ஓட்டுநருக்குச் சம்பளம் நடைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஓர் இரவில் எத்தனை நடை அடிக்கிறாரோ அத்தனைக்குத்தான் பணம். கிளீனர் வைத்தால் அவருடைய படியும் அந்தப் பணத்திலிருந்தே போகும். எனவே கிளீனர் இல்லை. பின்னால் நின்று வழிகாட்ட ஆளும் இல்லை. சிந்திய மணலைப் பெருக்க நேரமும் இல்லை. லோடும் யூனிட் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்ட் என்றால் ஏறத்தாழ நாலரை டன். குவித்து ஏற்றினால் வாங்குகிறவருக்கு மகிழ்ச்சி, விற்கிறவருக்கும் நடை மிச்சம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019-இல் திருத்தம் வந்திருந்தாலும், விடியற்காலை நான்கு மணி லோடில் அந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

மேஸ்திரி லோடு சொன்ன முறையையும் கேட்டறிந்தேன். “ரெண்டு யூனிட் எம்-சாண்ட், நைட்டே போட்டுருங்கண்ணே.” அவ்வளவுதான் ஆர்டர். எந்த அளவு வண்டி, எந்த வழி, எங்கே கொட்டுவது, யார் நின்று பார்ப்பது என்பது பற்றி ஒரு சொல் கிடையாது. விபத்தின் தொடக்கம் அந்தத் தொலைபேசி அழைப்பில் இருக்கிறது என்பதே என் முடிவு. லோடு புறப்பட்ட பிறகு சந்து முனையில் எத்தனை பேரை நிறுத்தினாலும், 8 அடி வண்டியை 11 அடி வழியில் பாதுகாப்பானதாக ஆக்க முடியாது.

இந்த இடத்தில் லண்டனைக் குறிப்பிடுவது பொருந்தும். அங்கே கட்டுமான லாரிகளில் அடிபட்டுச் சைக்கிள் ஓட்டிகள் தொடர்ந்து இறந்ததன் விளைவாக, 2013-இல் ‘கிளாக்ஸ்’ என்ற நெறிமுறை உருவானது. பொருளை வரவழைக்கும் கட்டுமான நிறுவனமும், கட்டடத்தைக் கட்டச் சொல்லும் உரிமையாளரும்கூட அந்த லாரி சாலையில் எப்படி ஓடுகிறது என்பதற்குப் பொறுப்பாவார்கள் என்பது அதன் அடிப்படை. பின்னர் அந்நகரில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள், ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்ற தரத்தின்படி அனுமதி பெற்றே ஓட வேண்டும் என்ற நிலையும் வந்தது. அந்த ஏற்பாடுகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பொறுப்பு மனையின் வாசலோடு முடிவதில்லை என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

முடிவு ஒன்று: வெளியே ஒரு யார்டு

நகரின் தென்புறம், அவனியாபுரம் போகும் பக்கத்தில், ஒரு காலி மனையை மாத வாடகைக்குப் பிடித்தோம். டிப்பர்கள் அங்கேயே கொட்டிவிட்டுப் போகும். அங்கிருந்து சிறு வண்டியில் தேவைக்கு ஏற்ப எடுத்து வருவது என்று தீர்மானித்தோம்.

எந்தச் சிறு வண்டி என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. சந்துக்கு ஏற்றது குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ்தான் என்றார் மேஸ்திரி. ஆனால் அதன் முறையான சுமை ஏறத்தாழ முக்கால் டன். ஒரு யூனிட் மணலுக்கு ஆறு நடை ஆகும். ஒவ்வொரு நடையும் சந்து முனையில் ஒரு திருப்பம், ஒரு ஆபத்து. நடையின் எண்ணிக்கையையும் வண்டியின் அளவையும் சேர்த்துப் பார்த்து, இரண்டு டன்னுக்குச் சற்று மேல் ஏற்றக்கூடிய நடுத்தர வண்டி ஒன்றைத் தேர்ந்தோம். அரை யூனிட் அதில் வரும். யூனிட்டுக்கு இரண்டு நடை போதும். இருபுறமும் ஆள் ஒதுங்க இடமும் இருந்தது. அந்த வண்டிக்கு நடைக் கணக்கை ஒழித்து நாள் வாடகை பேசினோம். இந்தப் பதிவில் உள்ள முடிவுகளில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தந்தது இதுதான் என்பேன். அவசரப்பட்டால் பணம் என்ற நிலை மாறியதும், அதே ஊரில் அதே தெருவில் வண்டி ஓட்டும் விதமே மாறியது.

மணலை யார்டிலேயே பழைய சிமெண்ட் சாக்குகளில் நிரப்பிக் கட்டினோம். முழுச் சாக்கு 50 கிலோவுக்கு மேல் போகும் என்பதால் முக்கால் அளவோடு நிறுத்தினோம். லோடுமேனின் முதுகுக்கும் வரம்பு உண்டு. சாக்கில் வந்த மணல் தெருவில் கொட்டப்படவில்லை, பறக்கவில்லை, மழையில் கரையவில்லை. இறங்கியதும் நேராக மனைக்குள் அடுக்கப்பட்டது. திரும்பிப் போகும் வண்டி வெறுமனே போகாமல், இடிபாட்டையும் உடைந்த செங்கல்லையும் சாக்கில் கட்டி ஏற்றிச் சென்றது. இதனால் இடிபாடு தெருவில் ஓர் இரவுகூடத் தங்கவில்லை.

சாக்கு நிரப்பும் கூலி, யார்டு வாடகை, இரட்டை ஏற்றிறக்கு எல்லாம் சேர்ந்து செலவைக் கூட்டின. ஒப்பந்தக்காரர் தயங்கினார். தெருவில் சிந்தியும் மழையில் கரைந்தும் போன மணலையும், காலையில் அள்ளுவதற்கென்றே செலவான ஆள் கூலியையும், நோட்டீஸால் நின்ற நாட்களுக்கு உட்கார வைத்துக் கொடுத்த சம்பளத்தையும் ஒரே தாளில் எதிரெதிராக எழுதிக் காட்டியபோது, கூடுதல் செலவு அவர் அஞ்சிய அளவுக்கு இல்லை என்பது தெரிந்தது. மிச்சத்தை உரிமையாளர் ஏற்றார்.

முடிவு இரண்டு: சந்துக்குள் வண்டி வரும் முறை

காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுவரை, பிற்பகல் இரண்டுக்கு மேல் பள்ளி விடுவதற்கு முன்புவரை என இரண்டு நேரங்கள் மட்டும் குறிக்கப்பட்டன. பலகாரக் கடைக்காரரையும் பூக்காரப் பெண்ணையும் கேட்டே இந்த நேரங்களை முடிவு செய்தோம். தெருவின் ஓட்டத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை.

வண்டி பின்னோக்கி உள்ளே வந்து முன்னோக்கி வெளியேற வேண்டும் என்பது விதி. இதை எல்லோரும் முதலில் எதிர்த்தார்கள், ஏனென்றால் மாசி வீதியில் வண்டியை நிறுத்தித் திருப்புவது சிரமம். ஆனால் பின்னோக்கி நுழையும்போது ஆபத்து சந்துக்குள், நம் ஆட்கள் நின்று கட்டுப்படுத்தக்கூடிய இடத்தில், இருக்கிறது. பின்னோக்கி வெளியேறும்போதோ, பின்புறம் எதையும் பார்க்க முடியாத ஓட்டுநர் எவருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத வீதிக்குள் வண்டியைத் தள்ளுகிறார். இரண்டில் எது குறைந்த ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டு பேர் வழிகாட்ட நியமிக்கப்பட்டார்கள். ஒருவர் சந்து முனையில், மற்றவர் வண்டிக்குப் பின்னால், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில். இருவர் கையிலும் விசில். பின்னால் நிற்பவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் வண்டி நிற்க வேண்டும். வழக்கமான “வா, வா, ஒடி, இன்னும் ஒடி” என்ற கூச்சலைக் கைவிட்டு மூன்றே கை அசைவுகளை வைத்தோம், ஏனென்றால் சந்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் ஓட்டுநருக்கு எதுவும் கேட்பதில்லை. புதிதாக வந்த ஓட்டுநர் சில நாளிலேயே, “பின்னாடி ஆள் நிக்காம நான் எடுக்க மாட்டேண்ணே” என்று தாமாகவே சொல்லத் தொடங்கினார்.

இறக்கி முடிந்ததும் பெருக்கிய பிறகே வண்டி நகரும். தண்ணீர் விட்டுக் கழுவுவதை அனுமதிக்கவில்லை, ஏனென்றால் கழுவிய மண் வடிகாலுக்குத்தான் போகும். மனையின் எதிரே இருந்த வடிகால் திறப்பில் கம்பிவலையும் சாக்குத் துணியும் வைத்து, மாலையில் சுத்தம் செய்தார்கள். பொருளை மூடி வைப்பது, மூடிய வண்டியில் கொண்டுவருவது, திறந்தவெளியில் கல்லையும் டைல்ஸையும் அறுக்காமல் இருப்பது ஆகியவற்றை 2018-இல் வந்த மத்திய அரசின் தூசுக் கட்டுப்பாட்டு அறிவிக்கை ஏற்கெனவே வலியுறுத்துகிறது. அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதி மனையின் வாசலில் ஒட்டினோம்.

கம்பியும் காங்கிரீட்டும்

முறுக்குக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. இங்கே வழக்கம், அதை இரண்டாக மடக்கிச் சிறு வண்டியில் திணித்து, வால் தரையில் உரச இழுத்து வருவது. கண் மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையைப் போல இருசக்கர வண்டிக்காரருக்கு அபாயமானது வேறில்லை. கம்பிகளை யார்டிலேயே அளவுப் பட்டியலின்படி வெட்டி வளைத்து, கட்டுக் கட்டாக, வண்டியின் நீளத்துக்குள் அடங்கும்படி கொண்டுவந்தோம். தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் தேவையான வளையங்கள் எல்லாம் அங்கேயே தயாராயின.

கூரைத் தளத்துக்கு, ஆலையிலேயே கலந்து வரும் ரெடிமிக்ஸ் காங்கிரீட் தேவைப்பட்டது. இருபது கன மீட்டருக்கு மேல் என்றால் பெரிய மிக்சர் வண்டி நான்கு. நிறைந்த வண்டி 25 டன் அளவில் இருக்கும். அடியில் பழைய பாதாளச் சாக்கடை ஓடும் சந்துக்குள் அதை விட முடியாது. போக்குவரத்துக் காவல்துறையின் அனுமதியோடு, இரவில் மாசி வீதியின் ஓரத்தில் ஒரு வண்டி மட்டும் நின்று, பம்பு மூலம் குழாயில் காங்கிரீட்டைச் செலுத்த ஏற்பாடு செய்தோம். மற்ற வண்டிகள் அகலமான சாலையில் காத்திருந்து, தொலைபேசியில் அழைத்த பிறகே ஒவ்வொன்றாக வந்தன. கலவை ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கி முடிக்க வேண்டும் என்பதால், காத்திருக்கும் நேரத்தை ஆலையிலேயே பேசி இடைவெளி விட்டு அனுப்பச் சொன்னோம். கார்த்திகையில் முதல் தளமும் தையில் இரண்டாம் தளமும் இப்படியே போடப்பட்டன. முந்தைய நாளே சந்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டதால் இரவுச் சத்தத்தைத் தெரு பொறுத்துக்கொண்டது.

யார்டில் எழுந்த சிக்கல்

ஐப்பசி நடுவில் யார்டுக்குப் போனபோது, சாக்கு நிரப்பும் பெண்கள் இருவரின் இமைகளிலும் புருவங்களிலும் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. புடவைத் தலைப்பை மூக்கில் கட்டியிருந்தார்கள். அந்தத் துணி கல் மாவைத் தடுக்காது. சந்தில் பறந்த தூசு இங்கே இரண்டு பேருடைய நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கருங்கல் மாவில் சிலிக்கா உண்டு. நாள்பட்டால் அது நுரையீரலில் ஆறாத வடுவை உண்டாக்கும். ஒரு தெருவின் சுத்தத்துக்கு வேறு ஊர்க்கோடியில் இருக்கும் கூலிப் பெண்களின் மூச்சை விலையாகக் கொடுப்பதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

குவியலை முதல் நாள் மாலையே நனைத்து வைப்பது, தூசு வடிகட்டும் முகமூடி தருவது, காற்று வரும் திசைக்கு எதிரே தகரத் தடுப்பு வைப்பது என மாற்றினோம். நனைத்ததால் வேறொன்று முளைத்தது. ஈர மணல் கன அளவில் உப்பும். அளவுப் பெட்டியால் அளந்து கலவை போடும்போது மணல் குறைந்து சிமெண்ட் கூடிவிடும். அதற்காக ஒரு நேரான கண்ணாடிக் குவளையில் ஈர மணலை நிரப்பி உயரத்தைக் குறித்து, பிறகு தண்ணீரில் மூழ்கக் கலக்கிப் படியவிட்டு மறுபடி உயரம் பார்த்து, அந்த வேறுபாட்டுக்கு ஏற்பப் பெட்டியைச் சரிசெய்யும் வழக்கத்தை மேஸ்திரி ஒவ்வொரு காலையிலும் கடைப்பிடித்தார்.

யார்டு இருந்த தெருவிலும் பிள்ளைகள் விளையாடினார்கள். டிப்பர்கள் அங்கே இருட்டில் வருவதை நிறுத்தி, வெளிச்சம் வந்த பிறகு வரும்படி நேரம் மாற்றியதும், வாசலில் ஒரு காவலாளி வைத்ததும் மார்கழியில்தான் நடந்தன. அவை முதல் நாளே இருந்திருக்க வேண்டியவை.

விளைவு

விபத்துக்குப் பிறகு பங்குனியில் வேலை முடியும்வரை, பொருள் ஏற்றி இறக்குவதில் ஒருவருக்கும் காயம் ஏற்படவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வடிகால் அடைக்கவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு முன் மாசி வீதிப் பக்கம் எல்லாப் பொருளும் அகற்றப்பட்டிருந்ததால், தேரோட்ட நாட்களில் இந்த மனையால் யாருக்கும் இடையூறு இல்லை.

மனக்குறைகளும் இருந்தன. பகலில் வண்டி நின்று இறக்கும் அரைமணி நேரமும் சந்து அடைபட்டது. ஒரு பிற்பகலில் மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஒருவரின் ஆட்டோ வெளியேற முடியாமல் காத்திருந்தது. அதன்பின் இறக்கும்போது ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது என்றும், யாராவது அவசரம் என்றால் உடனே வண்டியை வெளியே எடுக்க வேண்டும் என்றும் முடிவானது. வேலை மொத்தத்தில் திட்டமிட்டதைவிடத் தாமதமாகத்தான் முடிந்தது. அதில் பெரும்பகுதி நோட்டீஸால் நின்ற நாட்கள் என்றாலும், சிறு வண்டியில் பொருள் வருவதும் வேகத்தைக் குறைத்தது உண்மை.

அடுத்த வேலையில் மாற்ற வேண்டியவை

அந்த ஒப்பந்தக்காரர் இப்போது பழைய நகருக்குள் விலைப்புள்ளி கொடுக்கும்போது, யார்டு வாடகையையும் வழிகாட்டும் ஆட்களின் கூலியையும் தனி வரியாகக் காட்டுகிறார். பாதியில் சேர்த்த செலவு எப்போதும் சண்டையில் முடியும். தொடக்கத்திலேயே காட்டிய செலவை உரிமையாளர்கள் ஏற்கிறார்கள். லோடு சொல்லும்போது வண்டியின் அளவு, வரும் வழி, இறக்கும் நேரம், நின்று பார்ப்பவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதும், அதற்குப் பதில் வந்த பிறகே பணம் அனுப்புவதும் அவருடைய வழக்கமாகியிருக்கின்றன.

ஒரே மனைக்கு ஒரு யார்டு என்பது வீண்செலவு. மாசி வீதிகளுக்கு உட்பட்ட பகுதியில் ஒரே நேரத்தில் பல கட்டடங்கள் எழும்பும்போது, அவை ஒரு யார்டையும் இரண்டு மூன்று வண்டிகளையும் பகிர்ந்துகொண்டால் செலவும் நடையும் குறையும். மாநகராட்சி தன்னிடமுள்ள காலி இடம் ஒன்றை வாடகைக்கு ஒதுக்கினால் இது கைகூடும். கட்டட அனுமதி விண்ணப்பத்தோடு பொருள் வரும் வழியைக் காட்டும் ஒரு பக்க வரைபடத்தையும் கேட்கலாம்: சந்தின் உண்மையான அகலம், தலைக்கு மேலே உள்ள கம்பிகளின் உயரம், வடிகால் திறப்புகள், அருகிலுள்ள பள்ளியின் தொடங்கும், விடும் நேரங்கள், வீதி மூடப்படும் திருவிழா நாட்கள். டேப் பிடிக்க ஒருவர் கூட வந்தால் இவற்றை ஒரு காலைப்பொழுதில் குறித்துவிடலாம்.